1147-ஆம் புத்தகத்தின் கார்டு

அம்பத்தூர்
13.6.1993

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். ரத்த அழுத்த மாத்திரையை டாக்டர் பாதியாகக் குறைத்துவிட்டார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, எட்மண்டுக்கு ஷிப்ட் மாறியதா, அவன் மகனுக்குப் பல் முளைத்ததா, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. அடுத்த மாதம் வந்தால் அத்தான் போய் ஒரு வருடம். அன்று நீ தனியாக இருக்க வேண்டாம்.

பள்ளி திறந்துவிட்டது. திறப்பதற்கு முந்தைய வாரம் பக்கத்து ஊர்ப் பெண்கள் நாலு பேரை வரச் சொல்லி, நூலகத்தில் வழக்கம்போல இருப்புப் பார்த்தோம். நான் பதிவேட்டைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். அலமாரி அருகே நிற்கும் பெண் "இருக்கு மிஸ்" அல்லது "இல்ல மிஸ்" என்று சொல்ல வேண்டும். தொலைந்தது என்று சிவப்பு மையில் எழுதிவிட்ட எண்ணைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பதினொரு ஜூன் மாதங்களாக நான் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு என்று சொல்கிறேன். யாரோ ஒரு பெண் "இல்ல மிஸ்" என்கிறாள். அடுத்த எண்ணுக்குப் போகிறோம்.

இந்த வருடம் சாமுண்டீஸ்வரி என்ற பெண், பதினோராம் வகுப்பு, வெள்ளானூரிலிருந்து வருகிறவள், "இருக்கு மிஸ்" என்றாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் கையில் இருந்தது 1174. "மாத்திப் படிச்சிட்டேன் மிஸ். இன்னா மிஸ், பேயப் பாத்தா மாதிரி ஆயிட்டீங்க?" என்று சிரித்தாள். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் மேசையிலிருந்து அலமாரி வரை நடந்த அந்த ஏழெட்டு அடியில், அது அங்கே இருந்துவிடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டேன். யாரிடம் வேண்டினேன் என்று கேட்காதே.

1147 எது என்று உனக்கு நினைவிருக்கும். ரூபி என்ற பெண் புருஷன் வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் போகிற நாவல். அவளுக்குப் புத்தி சொல்ல வந்த பாதிரியாரோடு அவள் வாதாடுகிற ஒரு அத்தியாயம் உண்டு என்று 1981 நவம்பரில் புகார் வந்து கமிட்டி கூடியது. அத்தான்தான் அப்போது பள்ளிக் கமிட்டிச் செயலாளர்.

இப்போது இதை எழுதக் காரணம், இந்த வருடமும் ஒரு புகார். பெண்களின் உடல்நலம் பற்றிய ஒரு புத்தகம். தலைமையாசிரியை என்னிடம், "சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிடுங்கள்" என்றார். கமிட்டியார் முதலில் படிக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் கடைசிப் பாடவேளை எனக்கு. அதில் பதினோராம் வகுப்புக்கு, ஒரு நூலகத்தில் ஒரு புத்தகம் எப்படி இல்லாமல் போகிறது என்று பாடம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். 1981 கூட்டத்தின் குறிப்பு அத்தானின் காகிதங்களில் இருந்தால் அனுப்பி வை.

சுகந்தி பெங்களூரில் எப்படி இருக்கிறாள்? ஒரு கிறிஸ்துமஸ் அட்டைகூட இத்தனை வருடத்தில் சித்திக்கு வந்ததில்லை. ஆஸ்பத்திரி வேலை நேரம் கொடுக்காதுதான்.

உன் தங்கை,
ஞானகுமாரி


ஜபல்பூர்
2.7.1993

கர்த்தருக்குள் பிரியமான ஞானத்துக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதத்தில் அந்தச் சொல்லைத் தேடினேன், வழக்கம்போலக் காணோம். போகட்டும், உனக்கும் சேர்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. எட்மண்டுக்குப் பகல் ஷிப்ட். குழந்தைக்குக் கீழே இரண்டு பல். என் விரலைக் கடித்துக் காட்டுகிறான். இங்கே மழை பிடித்துவிட்டது, துணி காயவில்லை.

அத்தானுடைய காகிதங்களை எல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாயிற்று. எட்மண்ட்தான் போட்டான். இரண்டு சாக்கு. அதில் என்ன இருந்தது, என்ன போயிற்று என்று எனக்குத் தெரியாது.

ஞானம், அதெல்லாம் முடிந்து எவ்வளவு காலம் ஆயிற்று. கதைப் புத்தகம் ஒன்று போனது, போகட்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு வருகிறதைச் சொல்லிக்கொடு. நீ சின்ன வயதிலேயே காய்ந்த புண்ணை நகத்தால் எடுத்துப் பார்ப்பாய், அம்மா உன் கையில் அடிப்பாள்.

சுகந்தி சுகம். வேலை அதிகம்.

உன்னை ஜெபத்தில் வைத்திருக்கிற
சாராள்


அம்பத்தூர்
8.8.1993

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலை பதினெட்டாம் தேதி உன்னை நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்று எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்து, எழுதவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பாடம் தொடங்கிவிட்டது. முதல் வெள்ளி, புத்தகங்கள் எந்தெந்த வழியில் காணாமல் போகும் என்று கேட்டேன். கரையான், மழை, திருட்டு என்றார்கள். "ஆள் வந்து எடுத்துட்டுப் போறதும் உண்டா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். உண்டு என்று சொல்லி, பழைய பதிவேட்டை அவர்கள் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது எதை எதிர்பார்த்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

சாமுண்டீஸ்வரி இரண்டு நிமிடத்தில் அந்த வரியைக் கண்டுபிடித்தாள்.

"மிஸ், செவப்பு இங்குல தொலைந்ததுன்னு போட்டு ஞா.கு.ன்னு கீது. நீங்கதான அது?"

"நான்தான்."

"யாரு தொலைச்சாங்க?"

"எடுத்துப் போன பெண் திருப்பித் தரவில்லை."

"சுட்டுட்டாளா!" என்று பின் வரிசையில் ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. நான் சிரிப்பை நிறுத்தவில்லை. அது அடங்கிய பிறகுதான் நடந்ததைச் சொன்னேன். நம் முறையை நீ பார்த்திருக்கிறாய். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்ளேயும் ஒரு பையில் ஒரு கார்டு. எடுக்கிற பெண் தன் கையாலேயே அதில் பெயர், வகுப்பு, தேதி எழுதுவாள். புத்தகம் அவளோடு போகும், கார்டு நூலகத்தில் தங்கும். கமிட்டி புத்தகத்தைக் கேட்ட அன்று புத்தகம் வெளியே போயிருந்தது. வாங்கி வரச் சொன்னார்கள். தர மாட்டேன் என்றேன். அப்படியானால் கார்டையாவது கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். புத்தகத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

"கார்டுல இன்னா மிஸ் இருக்கும்?"

"படித்தவர்களின் பெயர்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, கிண்டலாக இல்லை, கணக்கை உறுதி செய்துகொள்வதுபோலக் கேட்டாள்: "அப்ப பொஸ்தகத்த குடுக்காம புள்ளைங்கள குடுத்துட்டீங்களா மிஸ்?"

மணி அடித்தது. வெளியே போகும்போது, எடுத்த பெண் யார் என்று கேட்டாள். வெள்ளானூர் பொன்னியம்மா, பத்தாம் வகுப்பு என்றேன். "வேம்புலி தாத்தா மவளா? எங்க தெருதான் மிஸ். அம்பத்தூர் எஸ்டேட்ல எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவுது" என்றாள், மிகச் சாதாரணமாக. ஆவடியில் நம் பள்ளியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், அக்கா? பன்னிரண்டு வருடமாக அவள் அங்கேயே இருந்திருக்கிறாள். நான் அவளை வேறு ஏதோ ஒரு இடத்தில் வைத்திருந்தேன்.

பேரனுக்கு என் முத்தம்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
27.8.1993

பிரியமான ஞானத்துக்கு,

ஸ்தோத்திரம். குழந்தைக்கு ஐந்து நாள் காய்ச்சல், அதனால் தாமதம். இப்போது பால் குடிக்கிறான்.

அத்தான் கடைசிவரை தான் செய்தது சரி என்றே இருந்தார். கையில் இருந்ததைப் பார்த்துத்தான் அந்தப் பெண்ணைப் பள்ளியைவிட்டு அனுப்பும் முடிவை அவர் சொன்னார். வேறு எதைப் பார்த்து அவர் சொல்லியிருக்க முடியும்? இதை மட்டும் நீ யோசித்துப் பார்.

அந்தப் பெண் வீட்டுக்குப் போகாதே.

சாராள்


அம்பத்தூர்
19.9.1993

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு ஆறுதல். கஞ்சித் தண்ணீரில் உப்பு போட்டுக் கொடு.

போய்விட்டேன். உன் கடிதம் கிடைத்த அடுத்த ஞாயிறு. வெள்ளானூரில் வயலெல்லாம் கல் நட்டு மனை ஆகியிருக்கிறது. சாமுண்டீஸ்வரி தெருமுனையில் நின்று காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வாசலில் வேம்புலி கட்டிலில் கிடந்தார். கண் தெரியவில்லை. அன்று கமிட்டிக்கு வந்த நம் சபைப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு உள்ளே நாற்காலி போட்டு டீ கொடுத்தோம். அவரை வராந்தாவில் நிற்க வைத்தோம். நான்தான் டீயைச் சொல்லி அனுப்பினேன்.

பொன்னியம்மா வெளியே வந்து என்னைப் பார்த்தாள். முதல் வார்த்தை: "இன்னா டீச்சர், பொஸ்தகத்த கேட்டு வந்துகினீங்களா?"

பிறகு அவளே சிரித்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். இருபத்தேழு வயது. நாலாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். கம்பெனியில் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிறாளாம். கட்டைவிரலில் கத்தரிக்கோல் காய்ப்பு. கலர் சோடா வாங்கி வரச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மூன்று தடவை அதே புத்தகத்தை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். கமிட்டி அதைத்தான் பெரிய குற்றமாகச் சொன்னது, உனக்கு நினைவிருக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும்.

"எங்கம்மாக்குப் படிச்சிக் காட்டிகினு இருந்தேன் டீச்சர். அத்துக்கு எழுத்து தெரியாது. செங்கல் சூளைலேர்ந்து வந்து, கைய கால கழுவிகினு உக்காரும். டெய்லி எட்டுப் பக்கம். அதுக்கு மேல படிச்சா தூங்கிடும். ரூபி ஊட்ட உட்டு கெளம்பற எடம் வந்தப்ப, இன்னொரு தபா படிடின்னுச்சி. அதான் லேட்டு."

"முடித்தீர்களா?"

"இருவது பக்கம் கீது, அதுக்குள்ள எங்கப்பன் ஸ்கூல்லேர்ந்து வந்த கையோட அடுப்புல போட்டுட்டாரு."

கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காது நன்றாகக் கேட்கிறது போலும்.

கிளம்பும்போது அவள், "ஒண்ணு கேக்கணும் டீச்சர்" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம்பேருதான் மொதல்ல கீது, நான்தான் அந்தப் பொஸ்தகத்த ஸ்கூல் பூரா பரப்புனேன்னு கமிட்டில சொன்னாங்களாம். சுகந்தி பேருக்குக் கீயதான டீச்சர் நான் எழுதினேன்? அது புள்ளிக்குப் பதிலா குட்டி வட்டம் போடும். நல்லா கீதேன்னு நானும் அதே மாதிரி போட்டேன். எங்கப்பன்கிட்ட சொன்னேன். செயலாளர் ஐயா பொண்ணு மேலயே பொய் சொல்றியான்னு இன்னும் நாலு சாத்து. அப்பாலிக்கா எனுக்கே டவுட்டு வந்துச்சி. கண்ண மூடனா அந்தக் கார்டுதான் தெரியும். ஒரு நாளு சுகந்தி பேரு கீது. ஒரு நாளு இல்ல. கல்யாணம் ஆன புதுசுல எங்க ஊட்டுக்காரரு, தூக்கத்துல இன்னாடி வட்டம் வட்டம்னு பொலம்பறன்னு கேட்டாரு. நீங்க பாத்தீங்கல்ல டீச்சர், சொல்லுங்க. இருந்துச்சா, இல்லியா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்று நீ கேட்பாய்.

குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
24.10.1993

ஞானத்துக்கு,

ஸ்தோத்திரம். வீட்டில் எல்லாரும் சுகம்.

ஒரு மாதமாக உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாயிற்று என்று நான் எழுதியது பொய். கர்த்தர் மன்னிக்கட்டும். இரண்டு சாக்கு போனது உண்மை. இந்தக் கார்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இதோடு அனுப்புகிறேன்.

பார். பொன்னியம்மா முதலில். அப்புறம் நாலு பெண்கள், நடுவில் மறுபடி பொன்னியம்மா, கடைசியிலும் பொன்னியம்மா. ஏழு வரி, ஒரே மை. மூன்று மாதத்தில் ஐந்து பெண்கள் எழுதிய எழுத்து எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. உன் கையைப் பிடித்து அரிச்சுவடி எழுத வைத்தவள் நான். அன்று சாயங்காலம் அத்தான் இதை மேசையில் போட்டபோதே யார் எழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் பெயரைத்தான் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை.

எதற்காகச் செய்தாய் என்றும் தெரியும். எனக்காகத்தான் செய்தாய். அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்றே சுகந்தி அவர் முன்னால் போய் நின்று, "அப்பா, நான்தான் முதல்ல எடுத்தேன், பொன்னிக்கு நான்தான் சொன்னேன்" என்றாள். அவர் கார்டை எடுத்துக் காட்டினார். "உன் பெயர் எங்கே? சிநேகிதிக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டாயா?" என்று கேட்டு, முழங்காலில் நிற்க வைத்தார். பிள்ளை அந்தக் கார்டைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் அடுப்பில் இருந்ததை இறக்கப் போனேன். அதற்கப்புறம் அவள் நம் இருவரிடமும் எதையும் சொன்னதில்லை. உனக்கு எழுதுவதில்லை என்கிறாயே, எனக்கு மாதம் ஒரு கடிதம் வருகிறது. சுகம், வேலை அதிகம் என்று இரண்டு வரி. அதைத்தான் நான் உனக்கு எழுதுவேன்.

இன்னொன்று. அத்தானுக்கு வாதம் வந்து பேச்சு இழுத்துக்கொண்ட பிறகு, கடைசிப் பத்து நாள், ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. பொன்னியம்மா, பொன்னியம்மா என்று. சபையில் முப்பது வருடம் டீக்கனாக இருந்தவர் கிராம தேவதையைக் கூப்பிடுகிறார் என்று எட்மண்ட் மிரண்டுபோனான். பாஸ்டரை அழைத்து வந்தோம். நாலு பேர் கட்டிலைச் சுற்றி நின்று, அந்த ஆவியைத் துரத்த ஜெபித்தார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். அது யாருடைய பெயர் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும், ஞானம். நானும் ஆமென் சொன்னேன்.

சாராள்


அம்பத்தூர்
5.12.1993

அக்கா,

நாற்பது நாளாகப் பதில் எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீதிபதி முன் சாட்சி சொல்வதுபோல எழுதுகிறேன், பொறுத்துக்கொள். 1981 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளை. அத்தான் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கார்டைத் தட்டிலிருந்து எடுத்தேன். முதல் வரியில் சுகந்தி டேவிட், X அ. செயலாளர் தன் மகள் பெயரைக் கமிட்டி நடுவில் படிக்கப் போகிறார் என்று நினைத்தேன். புதுக் கார்டு ஒன்று எடுத்தேன். இரண்டாம் வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வரியை நீக்கினால் அடுத்த வரி முதல் வரி ஆகும் என்பது, எம்.ஏ. படித்த எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றவில்லை என்றுதான் இத்தனை வருடம் எனக்குச் சொல்லி வந்தேன். எழுதிக்கொண்டிருந்தபோது பொன்னியம்மா என்ற பெயரில் ஒரு நொடி பேனா நின்றது. நின்றது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே தோன்றியிருக்கிறது.

சுகந்தி ஒப்புக்கொண்டது எனக்குத் தெரியாது. என் கார்டு அவளைப் பொய்க்காரி ஆக்கியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

பழைய கார்டை நான் கிழிக்கவில்லை. என் பீரோவில் சான்றிதழ்களோடு இருக்கிறது. வட்டப் புள்ளிகள் இருக்கின்றன, இரண்டு பேருடையதும்.

ஜனவரி 21 வெள்ளி அன்று இரண்டு கார்டையும் வகுப்பின் முன் வைக்க விரும்புகிறேன். அதற்குப் பிறகு வெள்ளானூருக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை போகலாம். அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் முதல் வரியில் இருப்பது உன் மகள் பெயர். ஏமாந்தது உன் கணவர். நீ வேண்டாம் என்றால் வைக்க மாட்டேன். இந்தத் தடவை கேட்காமல் எதையும் எடுக்கவும் மாட்டேன், வைக்கவும் மாட்டேன்.

ஞானகுமாரி


ஜபல்பூர்
22.12.1993

பிரியமான ஞானத்துக்கு,

ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸ் வாழ்த்து. கேக்குக்கு மாவு பிசைய எட்மண்ட் மனைவியே போதும், நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.

நீ கேட்டதற்கு என்னால் ஆம் என்றும் எழுத முடியவில்லை, வேண்டாம் என்றும் எழுத முடியவில்லை. மூன்று காகிதம் கிழித்தேன். உன் கடிதத்தை அப்படியே உறையில் போட்டு பெங்களூருக்கு அனுப்பிவிட்டேன். அவள் பெயர், அவள் சொல்லட்டும்.

அவள் பதில் எழுதினால் எனக்குத் தெரிவி. என்ன எழுதினாள் என்று வேண்டாம். எழுதினாள் என்று மட்டும்.

சாராள்


(அஞ்சலட்டை)
பெங்களூர்
11.1.1994

சித்தி,

என் பெயரை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

சுகந்தி


அம்பத்தூர்
6.2.1994

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதினாள்.

ஸ்தோத்திரம் என்று தொடங்கலாமா என்று யோசித்தேன். பழக்கமில்லாத வார்த்தையை இன்று கடன் வாங்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீ சொல்லிக்கொள். உனக்குச் சுகமா?

21-ஆம் தேதி வகுப்பில் முதலில் நான் எழுதிய கார்டைத்தான் கொடுத்தேன். "நீங்கள்தான் கமிட்டி. இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றேன். கை கை மாறிப் போயிற்று. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"பொன்னியம்மாதான் மிஸ். மொதல்ல எடுத்தது அவங்க. மூணு தடவ வேற."

"எச்சரிக்கை பண்ணி உட்டுடலாம் மிஸ்."

"டி.சி. குடுக்கணும்டி. அப்பதான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்."

சாமுண்டீஸ்வரி மட்டும் பேசவில்லை. கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், எல்லாம் ஒரே கையெழுத்து. போர்டுல நீங்க எழுதற மாதிரியே கீது" என்றாள்.

பழைய கார்டை எடுத்துக் கொடுத்தேன். முதலில் கொடுத்ததை எழுதியது யார், எப்போது, எதற்காக என்று சொன்னேன். முதல் வரியில் இருப்பவள் என் அக்கா மகள் என்றும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றியது. டி.சி. கொடுக்கச் சொன்ன பெண் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றுதான் கேட்டேன்: "உங்களில் ஒருவராவது புத்தகத்தைக் கேட்டீர்களா?"

ஒருத்தியும் கேட்கவில்லை. அன்று கமிட்டி புத்தகத்தைக் கேட்டதும் பறிப்பதற்குத்தான், படிப்பதற்கு இல்லை. பாடம் அவ்வளவுதான்.

பதிவேட்டில் தொலைந்தது என்பதை அடித்து, எரிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தலைமையாசிரியை விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார். நூலகச் சாவி பி.டி. டீச்சரிடம் போய்விட்டது. அந்த உடல்நலப் புத்தகத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யும்படி வகுப்பே கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்கு மனு கொடுத்ததாம். ஒரு கமிட்டியார் எடுத்துப் போயிருக்கிறார். இன்னும் திருப்பவில்லை என்று சாமுண்டீஸ்வரி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நேற்று வெள்ளானூர் போனேன். பொன்னியம்மா கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், கூந்தலில் நூல் பிசிறு. பழைய கார்டை அவள் கையில் கொடுத்தேன். விரலை முதல் வரியில் வைத்தாள். அந்த வட்டத்தின்மேல் விரல் நின்றது. பிறகு தன் பெயர், தன் வட்டம். மறுபடி மேலே. நான் செய்ததைச் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

"அப்ப எனுக்குக் கிறுக்கு இல்ல" என்றாள். என்னிடம் இல்லை, கட்டிலில் கிடந்த அப்பாவிடம். "நைனா, கேட்டியா? சுகந்தி பேரு மேலதான் கீது." அவர் கையை நீட்டினார். கார்டை அந்தக் கையில் வைத்தாள். அவர் அதைத் தடவிப் பார்த்தார். கண் தெரியாதவர் எழுத்தைத் தடவி என்ன அறிவார் என்று கேட்காதே, அக்கா. வெகுநேரம் தடவினார்.

மன்னிப்பு என்ற வார்த்தையை நான் எடுப்பதற்குள் அவள் வேறு ஒன்று கேட்டாள்.

"டீச்சர், அந்த ரூபி கடைசில இன்னா ஆனா? எங்கம்மா சாவற வரைக்கும் கேட்டுகினே இருந்துச்சி. தெரியலன்னு சொல்ல மனசு வரல. திரும்பி வந்துட்டான்னு ஒரு நாளு சொன்னேன், இல்ல, வேல கெடச்சி நல்லா கீறான்னு ஒரு நாளு சொன்னேன். அத்துக்கு ரெண்டும் நம்பிக்க இல்ல. பொஸ்தகத்துல இன்னா கீதோ அத்த சொல்லுடின்னும். நீங்க சொல்லுங்க. அம்மா போட்டோ முன்னால நான் சொல்லிடறேன்."

"தெரியாது, பொன்னியம்மா."

"மறந்துட்டீங்களா?"

"நான் அதைப் படிக்கவே இல்லை."

அவள் என்னைப் பார்த்தாள். கார்டில் செய்ததைச் சொன்னபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"படிக்காமயா டீச்சர்?"

உள்ளே சுவரில் மாலை போட்ட படத்தில் அவள் அம்மா, சூளை வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி, எங்கள் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறேன் என்றேன். மூர் மார்க்கெட் எரிந்துபோன ஊரில் எங்கே தேடுவது என்று எனக்கே தெரியவில்லை.

பொன்னியம்மா அப்பாவின் கையிலிருந்து கார்டை வாங்கி, மகளின் பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது.

"இதுல நீ எழுது டீச்சர்."

எழுதினேன். ஞானகுமாரி, டீச்சர், எடுத்த தேதி 5.2.94. என்னையறியாமல் புள்ளி வைக்கும் இடத்தில் கை தயங்கியது, புள்ளியே வைத்தேன். கார்டை அவள் வாங்கி, அம்மா படத்தின் பின்னால் செருகிக்கொண்டாள். நூலகத்தில் செய்வதும் அதுதானே, கார்டு இங்கே, புத்தகம் எடுத்தவளிடம். திருப்பிய தேதிக்கு உள்ள கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஞானகுமாரி